தூத்துக்குடிக் கரையில் இரண்டு இலைகள்

வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு கஞ்சாச் செடி, அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வளர்த்தால் தப்பா? இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடிக் கடற்கரை சொல்லும் பதிலும், அதே கரையிலிருந்து நேர்வழியில் கப்பலேறும் இன்னொரு மருந்து இலையின் கதையும்.

திருநெல்வேலியிலிருந்து கிழக்கே போகும் சாலையில் வல்லநாட்டைத் தாண்டினால், வாழையும் நெல்லும் மெல்லப் பின்தங்கும். உடைமரமும் பனையும் முன்னால் வரும். இன்னும் கொஞ்சம் போனால் காற்றில் உப்பு மணக்கும். பாத்தி பாத்தியாக வெள்ளை விரித்த உப்பளங்கள், அவற்றுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் பாரம் தூக்கிகள். அதுதான் தூத்துக்குடி.

ஊருக்கு இரண்டு துறைமுகங்கள். பெரிய கப்பல்கள் வரும் புதுத் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர். ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் காய்கறி, பலசரக்கு, கட்டுமானப் பொருள்கள் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், அந்தக் கப்பல்கள் கொழும்புக்கு ஓடியதும் இந்த ஊரிலிருந்துதான்.

எதிர்க்கரை இலங்கை. அந்தப் பக்கத்துக் கரை அருகில் இருப்பது இந்த ஊருக்கு வாழ்வும் கொடுத்திருக்கிறது, வம்பும் கொடுத்திருக்கிறது.

முத்தும் சங்கும் சொன்ன பாடம்

இந்தக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் ஊர்களில் பரதவர் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிக் குளித்தார்கள். கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். முத்துக் குளிக்கும் பருவத்துக்குச் ‘சலாபம்’ என்று பெயர்.

ஆனால் கடல் எல்லோருக்கும் பொது, சிப்பியும் எல்லோருக்கும் பொது என்று யாரும் தன் விருப்பத்துக்கு இறங்கிவிட முடியாது. பாண்டியர் காலந்தொட்டு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் ஆண்டாலும் சலாபம் ஆள்பவர் கையில்தான் இருந்தது. பாரைச் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறதா, எண்ணிக்கை போதுமா என்று பார்த்து, நாள் குறித்து அறிவித்தால்தான் படகு இறங்கும். எடுத்த சிப்பியிலும் அரசின் பங்கு போகத்தான் குளித்தவருக்குக் கூலிப் பங்கு. கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது. அதன்பின் சிப்பி பெருகவில்லை, அறிவிப்பும் வரவில்லை. 1973-ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து, அதற்குள் முத்தை விளைவித்துக் காட்டினார்கள்.

சங்கு குளிக்கவும் இன்றுவரை உரிமம் வேண்டும். உப்புக்கு ஒரு காலத்தில் இருந்த வரியும் காவலும் எல்லோரும் அறிந்த வரலாறு. கண்ணெதிரே கிடக்கும் பொருளாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் தொட்டால் குற்றமாகும் சில பொருள்கள் உண்டு என்பது இந்தக் கரைக்குப் பழகிய சங்கதி. கஞ்சாவும் அந்த வரிசையில் வருவதுதான். ஒரு வித்தியாசம் உண்டு: முத்துக்கு நாள் குறித்த அரசு, இதற்கு நாள் குறிப்பதில்லை.

கரைக்கு வரும் மூட்டை

மன்னார் வளைகுடாக் கரையோரச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரே மாதிரித் தலைப்புகள் பழகிப்போயிருக்கும். பீடி இலை மூட்டை பிடிபட்டது. மஞ்சள் மூட்டை பிடிபட்டது. கடல் அட்டை பிடிபட்டது. கஞ்சா பிடிபட்டது. கியூ பிரிவு போலீசார், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலோரக் காவல்படை, சுங்கத்துறை என்று பல கண்கள் இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இங்கே பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி இங்கே விளைந்ததல்ல. ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து, ரயிலிலும் லாரியிலும் தெற்கே வந்து, இருட்டில் பைபர் படகேறி இலங்கைக்குப் போகிறது. இலங்கைச் செய்தித்தாள்கள் இதைக் ‘கேரள கஞ்சா’ என்று எழுதுகின்றன. விளைந்த ஊர் ஒன்று, ஏறிய கரை ஒன்று, பெயர் வேறொன்று.

இந்தச் சங்கிலியில் பெரும் பணம் பார்ப்பவர் கரைக்கு வருவதில்லை. மூட்டை தூக்கும் இளைஞர், வண்டி ஓட்டுபவர், படகு கொடுத்தவர்தான் பிடிபடுகிறார்கள். 20 கிலோவுக்கு மேல் என்றால் சட்டத்தின் கண்ணில் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல்; அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். மூட்டை ஏறிய வண்டியும் படகும் பறிமுதலாகும். தனக்குத் தெரியாமல், தான் கவனமாக இருந்தும் நடந்தது என்று உரிமையாளர் நிரூபித்தால் மட்டுமே மீட்கலாம். ஒரு நடைக்குச் சில ஆயிரம் கிடைக்கும் என்று சுமை வண்டியை வாடகைக்கு விடும் குடும்பம் கணக்கில் சேர்க்க வேண்டிய தொகை இது.

இப்படிப்பட்ட கரையில், ‘விற்கவில்லை, கடத்தவில்லை, வீட்டில் ஒரு செடி மட்டும்’ என்று சொன்னால் சட்டம் விட்டுவிடுமா?

ஒன்றென்றாலும் செடிதான்

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 8-வது பிரிவு கஞ்சாச் செடி பயிரிடுவதைத் தடுக்கிறது. மருத்துவம், அறிவியல் போன்ற தேவைகளுக்காக அரசு தரும் அனுமதி மட்டுமே விதிவிலக்கு. எத்தனை செடி என்று சட்டம் கேட்பதில்லை. வயலா, கொல்லையா, மாடியில் இருக்கும் மண்தொட்டியா என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு என்று தனிச் சலுகையும் இல்லை. பயிரிட்டதற்குத் தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பறித்த கஞ்சாவை வைத்திருந்தால், 1 கிலோவுக்குக் குறைவானது ‘சிறிய அளவு’. அதற்குத் தண்டனை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் இருப்பதற்கு உள்ள இந்த அளவு மண்ணில் நிற்கும் செடிக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. பயிரிடுவது தனிக் குற்றம்.

இன்னொரு குழப்பம் பங்கு என்கிற பாங் பற்றியது. சட்டத்தின் விளக்கப்படி பூவும் காயும் சேர்ந்த நுனிப்பகுதிதான் கஞ்சா. நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. வட மாநிலங்கள் சிலவற்றில் பாங் கடைகள் நடப்பது இதனால்தான். ஆனால் செடி என்று வரும்போது கஞ்சா இனத்தின் எந்தச் செடியும் தடைக்குள் வந்துவிடும். இலைக்காக வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை 46, 54 ஆகிய பிரிவுகள். தன் நிலத்தில் கஞ்சாச் செடி இருப்பது தெரிந்தால் நிலம் வைத்திருப்பவர் உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ஒருவர் உழுது பயிர் செய்யும் நிலத்தில் செடி நின்றால், அவர் குற்றவாளி அல்ல என்று நிரூபிக்கப்படும் வரை குற்றம் அவருடையதென்றே நீதிமன்றம் கருதலாம். ஊடுபயிரில் யாரோ ஒளித்து வைத்த நாலு செடி, பட்டாக்காரரின் வீட்டு வாசலுக்குப் போலீசைக் கொண்டுவரும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

முன்பு இருந்ததே, இப்போது ஏன் இல்லை?

சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு என்பது உண்மை. ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டதும் உண்மை. அன்றைய சென்னை மாகாணத்தில் உப்பையும் மதுவையும் போதைப்பொருளையும் ஒரே இலாகாதான் கவனித்தது.

1893-94-ல் இந்தியா முழுவதும் விசாரித்த கஞ்சா ஆணையம், அளவான உபயோகத்தால் பெரிய கேடு இல்லை என்றும் முழுத் தடை வேண்டாம் என்றும் சொன்னது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் அடுத்த பரிந்துரையை விட்டுவிடுகிறார்கள். உரிமம் இல்லாமல் யாரும் பயிரிடக் கூடாது, சாகுபடியைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வைத்து வரி போட வேண்டும் என்பதையும் அதே ஆணையம்தான் சொன்னது. அதாவது, இதுவரை அமைந்த விசாரணைகளில் கஞ்சாவுக்கு மிகவும் இளக்கமாக இருந்ததுகூட, வீட்டுக்கு வீடு செடி வைப்பதற்குச் சம்மதிக்கவில்லை.

பின்னால் 1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. வழக்கமாக இருந்த உபயோகத்தை 25 ஆண்டுகளில் நிறுத்த வேண்டும் என்ற அதன் நிபந்தனைதான் 1985 சட்டத்துக்கு ஒரு காரணம். 2020 டிசம்பரில் அதே ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அந்த வாக்கால் உள்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

இன்றைய சட்டத்திலும் கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. நாருக்கும் விதைக்கும் கஞ்சா பயிரிட அனுமதிக்க 14-வது பிரிவில் இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி 2018-ல் நாட்டிலேயே முதலாவதாக உத்தரகாண்ட் உரிமம் கொடுத்தது. போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் நார்ச்செடிக்கு மட்டுமே அந்த அனுமதி. 2025 ஜனவரியில் இமாச்சல அமைச்சரவை முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. இவை எல்லாம் உரிமம், சோதனை, கணக்கு என்று நடக்கும் நார்ப் பயிர்; வீட்டுத் தொட்டியில் வைக்கும் செடி அல்ல.

கடல் தாண்டினால்?

தூத்துக்குடிக் கரையில் கப்பல் வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் ஆள் போகாத தெரு குறைவு. கனடாவில் இருக்கும் மச்சான் வீட்டில் செடி வைத்திருக்கிறாராம் என்ற பேச்சு இப்படித்தான் ஊருக்குள் வருகிறது.

அங்கே அது சட்டப்படியே நடக்கிறது. உருகுவே 2013-ல் வீட்டுக்கு 6 செடி என்று அனுமதித்தது. கனடாவில் 2018 அக்டோபர் முதல் ஒரு வீட்டுக்கு 4 செடி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடி, அதுவும் குழந்தைகள் கைக்கு எட்டாமல். ஆனால் அங்கும் வேலி இல்லாமல் இல்லை. கனடாவிலேயே கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்தது; 2023-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2022-ல் கட்டுப்பாட்டைத் தளர்த்திய தாய்லாந்து, 2025-ல் மருத்துவர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று திருப்பிப் பிடித்தது.

அங்கே உள்ள உரிமை அங்கே வசிக்கும் வரைதான். விமானத்தில் பெட்டிக்குள் வராது. விதை அனுப்பச் சொல்வதும் ஆபத்து; முளைக்கும் விதை எதுவானாலும் இறக்குமதிக்குத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிப்படி அனுமதி வேண்டும், முளைத்துவிட்டால் 8-வது பிரிவு காத்திருக்கிறது.

கப்பலேறும் இலை

அதே தூத்துக்குடியிலிருந்து ஒரு மருந்து இலை, மூட்டை மூட்டையாக, பகல் வெளிச்சத்தில், சுங்கத்துறை முத்திரையோடு உலகம் முழுக்கப் போகிறது. நிலவாகை. நிலாவாரை என்றும் சொல்வார்கள். வியாபாரிகள் வாயில் அது சென்னா. சில ஊர்களில் அவுரி என்பார்கள். சாயத்துக்கு உரிய நீல அவுரி வேறு செடி. அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடி நெல்லைச் சீமையில் வேரூன்றி, உலகச் சந்தையில் ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர் வாங்கிவிட்டது. ஒரு மாவட்டத்தின் பெயரை உலக மருந்துக் கடை வரை கொண்டுபோன பயிர் இது.

இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு மலச்சிக்கலுக்கு மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. அதுவும் எந்த வரிசையில் என்றால், தீராத நோயாளிகளின் வலி தணிக்கும் சிகிச்சையில், மார்பின் மருந்து இருக்கும் அதே வரிசையில். மார்பின் சாப்பிடுபவருக்கு வயிறு இறுகிவிடும். அதை இளக்க நிலவாகை. புற்றுநோய் வலிக்குக் கஞ்சா நல்லதாமே என்று கேட்கும் குடும்பத்துக்கு, நேர்வழியில் உதவும் இலை தங்கள் மானாவாரிக் காட்டிலேயே விளைகிறது என்பது தெரிவதில்லை.

தண்ணீர் தேங்காத செம்மண்ணும் மணல் கலந்த நிலமும் இதற்கு ஏற்றவை. கொஞ்சம் உவர் தட்டினாலும் தாங்கும். தண்ணீர் நின்றால் தாங்காது. வடகிழக்கு மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. விதைத்தோல் கெட்டி என்பதால் இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் கே.கே.எம்.1 ரகம் இந்தப் பகுதிக்கு உரியது.

இரண்டு மாதம் கடந்ததும் முதல் பறிப்பு. அதன்பின் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில் இன்னும் இரண்டு பறிப்பு எடுக்கலாம். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிட்டால் இலை கூடும். மானாவாரியில் ஏக்கருக்கு சுமார் 400 கிலோ உலர் இலை எதிர்பார்க்கலாம்.

விலையைத் தீர்மானிப்பது காய வைக்கும் முறை. சுள்ளென்ற வெயிலில் போட்டால் இலை வெளுக்கும், தரம் இறங்கும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி, ஒரு வாரம் பத்து நாளில் பச்சை மஞ்சளாக உலர்த்த வேண்டும். ஈரம் பட்டால் கறுக்கும். மருந்துக்குப் போகும் சரக்கு என்பதால் பூச்சிமருந்து எச்சம் இருந்தால் ஏற்றுமதியாளர் திருப்பிவிடுவார். சந்தை விலை ஏறி இறங்குவது இந்தப் பயிரின் குணம். அதனால் வாங்குபவரோடு பேசி, எந்தத் தரம், எவ்வளவு ஈரம், எப்போது பணம் என்று தெளிவுபடுத்திய பின்பு விதை வாங்குவது நல்லது.

கஞ்சா கொடுக்கும் என்று சொல்லப்படும் பணத்தை நிலவாகை கொடுக்காது. ஆனால் வழக்கு, வக்கீல் செலவு, வாய்தாவுக்கு நடை, கல்யாணப் பேச்சில் தலைகுனிவு என்று எதையும் பின்னால் கூட்டிக்கொண்டு வராது.

அடிக்கடி எழும் கேள்விகள்

*தரிசில் கஞ்சா போல ஒரு செடி முளைத்திருக்கிறது. பிடுங்கி எறிந்துவிடலாமா?*

முதலில் அது கஞ்சாதானா என்று பாருங்கள். கைவிரல் விரித்ததுபோல் 5 முதல் 9 சிற்றிலை, ஓரம் ரம்பப்பல், கசக்கினால் கடுத்த வாடை இருந்தால் சந்தேகம் நியாயம். புளிச்சகீரை இலையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் எதையும் தொடாமல் கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் தகவல் கொடுத்து, அதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தகவல் சொன்னவர் என்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

*சணப்பையும் இதே இனம்தான் என்கிறார்கள். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கலாமா?*

தாராளமாக. சணப்பை பயறுக் குடும்பத்துச் செடி. நார் எடுப்பதால் ஆங்கிலப் பெயரில் மட்டும் ஒட்டு உண்டு. கஞ்சாவோடு உறவு எதுவும் இல்லை.

*நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறோம். பொறுப்பு எங்களுக்கும் வருமா?*

தெரிந்தே இடம் கொடுத்தால் உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்ன பயிர் என்று அதில் எழுதுங்கள், பருவத்துக்கு ஒருமுறையாவது காட்டைப் போய்ப் பாருங்கள்.

*பையன் பழகிவிட்டான். சிகிச்சைக்குக் கூட்டிப்போனால் போலீசில் மாட்டிவிடுவார்களா?*

பயப்பட வேண்டாம். சிறிய அளவிலோ உபயோகித்த குற்றத்திலோ சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தர 64ஏ பிரிவு வழி செய்கிறது. ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய உதவி எண்ணில் பேசலாம். வளரும் வயதில் கஞ்சா மூளையையும் மனதையும் பாதிக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

*வீட்டில் புற்றுநோயாளி வலியால் துடிக்கிறார். வேறு வழி என்ன?*

மார்பின் மாத்திரை சட்டப்படி கிடைக்கும் மருந்து. அது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றே 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி தணிப்புச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். கஞ்சாவிலிருந்து பிரித்த சில மருந்துகள் கீமோ சிகிச்சையின் வாந்திக்கும் சில அரிய வலிப்பு நோய்களுக்கும் உலகில் பயன்படுவது உண்மை. அவை அளந்து, சோதித்து, மருத்துவர் கொடுப்பவை. பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை விற்பவரும் அறிய மாட்டார். கஞ்சா சேரும் சித்த, ஆயுர்வேத மருந்தும் மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டிய நச்சுப் பட்டியலில் வருவது. உரிமம் உள்ள தயாரிப்பாக, மருத்துவர் சொன்னபடி மட்டும் சாப்பிட வேண்டும்.

சட்டம் நாளை மாறலாம். உத்தரகாண்டில் வந்த நார்ப் பயிர் ஒருநாள் தமிழ்நாட்டுக்கும் வரலாம். வந்தால் அரசாணையாக வரும், உரிமத்தோடு வரும், வேளாண்மைத் துறை வழியாக வரும். அதுவரை கொல்லையில் காலியாக இருக்கும் தொட்டியில் ஒரு துளசி இருக்கட்டும். மானாவாரிக் காட்டில் நாலு வரிசை நிலவாகை நிற்கட்டும்.